சேஜ் என்கிற சால்வியா

சென்ற மாதம் இத்தாலியச் சமையல் குறிப்பு ஒன்றின் தமிழாக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பரங்கிக்காய்ப் பூரணம் வைத்த ராவியோலி. வெண்ணெயை உருக்கச் சொன்ன வரிக்கு அடுத்த வரியில் "எட்டு முனிவர் இலைகளைச் சேர்க்கவும்" என்று இருந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். 'சேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் முனிவர், ஞானி, அறிவர் என்ற பொருள்கள்தான் முன்னால் நிற்கின்றன. சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் 'சேஜ்' செடியைப் பற்றிய குறிப்பு எங்கோ கீழே கிடக்கிறது. கணினி மொழிபெயர்ப்பும் இதே இடத்தில்தான் வழுக்குகிறது.

இந்தத் தவறு சமையலோடு நிற்பதில்லை. சித்த மருத்துவ நூல்களில் 'முனி' என்பது அகத்திக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று. அகத்திய முனிவரை ஒட்டி வந்த பெயர். 'முனி இலை' என்று எழுதிக் கொடுத்தால் நாட்டு மருந்துக் கடைக்காரர் அகத்திக்கீரையை எடுத்துத் தருவதற்கு எல்லா நியாயமும் உண்டு. நமக்கு வேண்டிய இலைக்கும் அகத்திக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகவே சொல்லின் வேரிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் 'சேஜ்' என்பது ஒரு சொல் அல்ல, இரண்டு சொற்கள். எழுத்தும் ஒலிப்பும் மட்டுமே ஒன்று. செடியின் பெயர் லத்தீன் 'சால்வியா'விலிருந்து கிளம்பி, பழைய பிரெஞ்சில் 'சோஜ்' என்று தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வந்து 'சேஜ்' ஆனது. முனிவரைக் குறிக்கும் சொல் 'சப்பேரே' என்ற வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்த வினையின் முதற்பொருள் சுவைத்தல். சுவை அறிதல், வேறுபாடு அறிதல், அறிவுடைமை என்று அது படிப்படியாக உயர்ந்தது. சமையலறைக்கு உரிய சுவையிலிருந்து ஞானியின் பெயர் பிறந்திருக்கிறது, சமையலறை இலையின் பெயரோ முற்றிலும் வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது. இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அந்த வேறு இடம் 'சால்வுஸ்' என்ற லத்தீன் சொல். குறையில்லாத, நலமான, ஆபத்து நீங்கிய என்று பொருள். ரோமானியர்கள் ஒருவரையொருவர் 'சால்வே' என்று வாழ்த்திக்கொண்டது இந்த வேரை வைத்துத்தான். காப்பாற்றுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், மீட்பர் என்ற பொருளில் பெயர் பெற்ற எல் சால்வடோர் நாடும், நாம் இரட்சணிய சேனை என்று அழைக்கும் 'சால்வேஷன் ஆர்மி'யும் இதே குடும்பம். இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தின் 'சர்வ' என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பு என்று மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். முழுமை என்பதே மூலப் பொருள். உடல் முழுதாக இருப்பதுதான் நலம். எனவே 'சர்வம்' என்று நாம் சொல்லும்போதெல்லாம் இந்தச் செடியின் தூரத்து உறவு ஒன்றை உச்சரிக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழில் 'சால்' என்றால் நிறைதல். அதிலிருந்துதான் சால்பு, சான்றோர், சாலச் சிறந்தது எல்லாம் வந்தன. ஒலியும் நெருங்குகிறது, நிறைவு என்ற பொருளும் நெருங்குகிறது, அதற்கு மேல் சான்றோரும் வந்து நிற்கிறார்கள். உடனே 'சால்வியா தமிழ்ச் சொல்லே' என்று எழுதிவிட ஆசை பிறக்கும். அது தற்செயலான ஒற்றுமை. தமிழின் மேல் பற்றுள்ளவர்கள்தான் இந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பொய்யான வேர்களை அடுக்கினால் மெய்யான வேர்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்கு 'சால்வியா அஃபிசினாலிஸ்' என்று அறிவியல் பெயர் சூட்டினார். பின்பாதியில் உள்ள 'அஃபிசினா' என்பது மடாலயங்களில் மருந்துகளைச் சேமித்து ஆயத்தம் செய்த அறை. மருந்தறையில் இடம் பெற்ற சால்வியா என்று விரித்துக்கொள்ளலாம். அந்த இடம் எளிதில் கிடைத்ததல்ல. கி.பி. 800-ஐ ஒட்டிச் சார்லமேன் பேரரசரின் பண்ணைகளுக்கு வகுக்கப்பட்ட ஆணையில், வளர்க்க வேண்டிய செடிகளின் பட்டியலில் இது இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ரைக்கெனாவ் தீவு மடத்தின் தலைவர் வாலாஃப்ரித் தம் தோட்டத்தைப் பற்றிக் கவிதை எழுதியபோது செடிகளின் வரிசையை இதைக் கொண்டே தொடங்கினார். தென் இத்தாலியின் சலேர்னோ மருத்துவப் பள்ளியின் செய்யுள் ஒன்று, தோட்டத்தில் சால்வியா வளரும்போது மனிதன் ஏன் சாக வேண்டும் என்று கேட்கிறது. சாவின் வலிமைக்கு எதிராகத் தோட்டங்களில் மருந்து இல்லை என்று அடுத்த வரியிலேயே விடையும் தருகிறது. இணையத்தில் முதல் வரியை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். இரண்டாவது வரியை எழுதியவர்தான் நல்ல மருத்துவர்.

வட ஐரோப்பாவுக்கு இந்தச் செடி துறவிகளின் கையோடு போனதால் பெயரும் கூடவே போனது. ஜெர்மானியர் 'சால்பை' என்றனர். டச்சுக்காரர் 'சாலி' என்றனர். போலந்தில் 'ஷாவ்வியா', ரஷ்யாவில் 'ஷல்ஃபே'. தம் மண்ணில் இல்லாத செடிக்கு வந்த பெயரையே வாங்கித் தம் வாய்க்கேற்பத் திருத்திக்கொண்டார்கள். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் கதை வேறு. அங்கே இதன் நெருங்கிய உறவான மற்றொரு சால்வியா மலைச்சரிவுகளில் தானாக வளர்கிறது. அதனால் பெயரும் மண்ணிலிருந்தே முளைத்தது. பாலஸ்தீனத்திலும் ஜோர்தானிலும் அது மரியாளின் பெயரால் 'மர்யமிய்யா'. கறுப்புத் தேநீரில் அதன் இலையைப் போட்டுக் குடிப்பது அங்கே அன்றாட வழக்கம். துருக்கியில் 'அடாச்சாய்', அதாவது தீவுத் தேநீர்.

இனி இலையைக் கையில் எடுப்போம். விரல் நீளம், சாம்பல் பூசிய பச்சை. மேற்புறம் நுண்ணிய கொப்புளங்களாகப் புடைத்திருக்கும், பூனையின் நாக்கைத் தொட்டதுபோல் இருக்கும். அடிப்புறத்தில் வெள்ளைப் பூமயிர். கசக்கினால் முதலில் கற்பூரம், பிறகு தைலமரம், கடைசியாக மிளகை ஒட்டிய ஒரு காரல். வாயில் போட்டால் துவர்ப்பும் இலேசான கசப்பும். துளசி, புதினா, தும்பை எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் இதற்கும். காய்ந்த இலையை உள்ளங்கையில் தேய்த்தால் பொடியாக உதிராது. அந்தப் பூமயிரால் பஞ்சுபோலத் திரண்டு நிற்கும். கடையில் பொடி வாங்கும்போது இந்தப் பஞ்சுத்தன்மை இருந்தால் மணமும் பெரும்பாலும் இருக்கும்.

சமையலில் இதைக் கொத்தமல்லியைப்போல் கடைசியில் தூவக்கூடாது. கறிவேப்பிலையை எண்ணெயில் பொரிப்பதுபோல் கொழுப்பில் பொரிக்க வேண்டும். அகன்ற வாணலியில் 50 கிராம் உப்பில்லாத வெண்ணெயை மிதமான தீயில் உருக்குங்கள். நுரை அடங்கத் தொடங்கும்போது ஈரமில்லாத இலைகளை ஒவ்வொன்றாக இடுங்கள். ஓரம் சுருண்டு, இலையைச் சுற்றிக் குமிழிகள் படபடக்கும். குமிழி நின்றால் இலையில் இருந்த நீர் போய்விட்டது என்று பொருள். உடனே எடுத்துவிட வேண்டும். துணிபோல் துவண்டு கிடந்த இலை இப்போது அப்பளம்போல் நொறுங்கும். அந்தக் கற்பூர வாடையின் முரட்டுத்தனம் வெண்ணெய்க்குள் இறங்கிச் சாந்தமாகிவிடும். வெண்ணெய் இதற்குள் பழுப்பேறி, வறுத்த பருப்பின் மணத்தோடு இருக்கும். அதைப் பரங்கிக்காய் மேலோ வேகவைத்த உருளைக்கிழங்கு மேலோ ஊற்றிப் பாருங்கள். நான்கு பேருக்கு எட்டு இலை போதும். கூடினால் உணவு மருந்தாகிவிடும்.

இத்தாலியின் டஸ்கனியில் வெள்ளைப் பீன்ஸை இந்த இலையோடும் பூண்டு, தக்காளியோடும் சேர்த்து வேகவைப்பார்கள். ரோம் நகரத்தின் 'சால்திம்போக்கா'வில் மெல்லிய கன்று இறைச்சித் துண்டின் மேல் பன்றித் தொடை இறைச்சியும் ஓர் இலையும் வைத்துக் குச்சியால் குத்தி வறுக்கிறார்கள். வாய்க்குள் குதி என்பது அந்தப் பெயரின் பொருள். இங்கிலாந்தில் வெங்காயத்தோடு சேர்த்து வாத்து, வான்கோழிகளின் வயிற்றில் அடைக்கிறார்கள். லிங்கன்ஷயர் சாசேஜின் அடையாள மணமே இதுதான். கொழுப்பு மிகுந்த இறைச்சியோடு எல்லா ஊரிலும் இதைச் சேர்த்தது செரிமானத்துக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையால். துவர்ப்பும் கசப்பும் கொழுப்பின் திகட்டலைக் குறைக்கின்றன என்பதை நாக்கே சொல்லிவிடும்.

மருத்துவப் பயன்களைப் பொறுத்தவரை அளவோடு பேசுவது நல்லது. ஐரோப்பிய மருந்துகள் முகமை இந்த இலைக்கு ஏற்றிருக்கும் பயன்கள் சில: இலேசான செரிமானக் கோளாறு, மிகை வியர்வை, வாய் தொண்டை அழற்சி, தோலின் சிறு அழற்சி. அதுவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது என்ற அடிப்படையில்தான். வலுவான மருத்துவச் சோதனைகள் நிறுவியதாக அது சொல்லவில்லை. தொண்டை கரகரத்தால் 100 மில்லி கொதிநீரில் 2.5 கிராம் உலர்ந்த இலையை ஊறவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொப்பளிக்கலாம். நினைவாற்றலுக்கு நல்லது என்ற பேச்சுக்குப் பின்னால் சிறிய ஆய்வுகள் சில இருக்கின்றன. மறதி நோயைத் தீர்க்கும் என்று விற்பவர்களை அந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை.

அபாயமும் உண்டு. இலையின் எண்ணெயில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. மிகுந்தால் நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். உணவில் நான்கைந்து இலை சேர்ப்பதில் பயம் இல்லை. ஆனால் குப்பியில் விற்கும் சால்வியா எண்ணெயை ஒரு சொட்டுகூடக் குடிக்கக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதை மருந்தளவில் எடுக்க வேண்டாம். பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும். பால் வற்றுவதற்கென்றே ஐரோப்பியப் பாட்டிகள் கொடுத்து வந்த இலை இது.

இப்போது தமிழ்ப் பெயர். சிலர் 'கற்பூரவல்லி' என்று சொல்லிவிடுகிறார்கள். மணத்தை வைத்து வந்த முடிவு. குடும்பமும் ஒன்றுதான். கற்பூரவல்லி பஜ்ஜி போடுவதுபோல் இத்தாலியர்கள் இந்த இலையையும் மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். இருந்தாலும் செடி வேறு. கற்பூரவல்லி சதைப்பற்றுள்ளது, நீர் நிறைந்தது, ஓம வாடை அடிப்பது. வெண்ணெயில் இட்டால் தெறிக்கும். அதைவிட முக்கியம், கற்பூரவல்லி குழந்தைகளுக்குச் சளிக்குக் கொடுக்கும் இலை. அந்தப் பெயரைத் துஜோன் உள்ள ஓர் இலைக்கு மாற்றிக் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

புதிதாகச் சொல் ஆக்கலாமா? 'காக்கும் இலை' என்ற பொருளில் 'காப்பிலை' என்று நானே ஒரு முறை எழுதிப் பார்த்தேன். படித்துக் காட்டியபோது வீட்டில் எல்லோருக்கும் காப்பி இலை என்றே கேட்டது. 'நலவிலை' என்றால் நல்ல விலையாகிவிடுகிறது. வெளியிலிருந்து வந்த காய்கறிகளுக்குத் தமிழ் பல வழிகளில் பெயர் தந்திருக்கிறது. மிளகின் காரத்தை ஒப்பிட்டு மிளகாய், வடிவத்தைப் பார்த்து உருளைக்கிழங்கு, பாதி கடனாக முட்டைக்கோஸ், முழுக் கடனாகக் கேரட். புதினாவே பாரசீகத்திலிருந்து வந்த பெயர்தான். இன்று அதை யாரும் அயற்சொல்லாக உணர்வதில்லை.

என் தேர்வு 'சால்வியா இலை'. ஊட்டி மலர்க் கண்காட்சிச் செய்திகளில் சிவப்புப் பூவாக இந்தப் பெயர் பல ஆண்டுகளாகத் தமிழில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அது இதே பேரினத்தின் அழகுச் செடி. நம் வீடுகளில் ஊறவைக்கும் சியா விதையும் ஒரு சால்வியாதான் (சப்ஜா அல்ல, அது திருநீற்றுப்பச்சையின் விதை). ரோஸ்மேரியைக்கூட 2017-இல் தாவரவியலாளர்கள் இந்தப் பேரினத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஒலியும் தமிழுக்கு இசைகிறது. கல்வி, செல்வி என்று பழகிய நாக்குக்குச் சால்வியா தடுக்காது. 'சேஜ்' அப்படியல்ல, ஜகர ஒற்றில் வந்து முட்டி நிற்கிறது. கூடவே முனிவரையும் அழைத்து வருகிறது. பொட்டலத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும் என்பதால், சமையல் குறிப்பில் முதல் முறை மட்டும் 'சால்வியா இலை (சேஜ்)' என்று எழுதிவிட்டுப் பிறகு சால்வியா என்றே தொடரலாம்.

அந்தக் குறிப்பை அப்படித்தான் திருத்தினேன். "நுரை அடங்கியதும் எட்டு சால்வியா இலைகளை இட்டு, குமிழி நின்றவுடன் எடுக்கவும்."