திரையில் ‘அம்மா’, காதில் ‘எம் கே’

பார்வையற்ற தம்பியோடு நூதனசாலைக்குப் போன திருகோணமலை வாசகி ஒருவர் கேட்கிறார்: “கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணினால் போனில் தமிழ் விளக்கம் வருகிறது. எனக்கு வடிவாகத் தெரிகிறது. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் தம்பியின் டோக்பேக் மட்டும் இங்கிலீஷில் ஏதோ உளறுகிறது. ஏன்?”

போனில் கோளாறில்லை. பதாகைக்கு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அச்சகம் தட்டிய கோப்பையே பிடிஎஃப் ஆக்கி ஏற்றியிருப்பார்கள். சந்தேகமென்றால் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் கொட்டினால் விஷயம் அதுதான்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுமுறையான யுனிகோட்டில் ஒவ்வொரு தமிழ் உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் குறிக்கும் சொந்த எண் உண்டு. தமிழின் முதன்மைத் தொகுதியில் 128 இடங்கள். பாமினிக் கோப்பில் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. சின்ன ‘எம்’ அகரமாகத் தெரியும், ‘கே’ மகரமாக, அரைப்புள்ளி மெய்ப்புள்ளியாக, ‘எச்’ அரவாக (ா). ஆக ‘அம்மா’ உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். டோக்பேக் போன்ற திரைவாசிப்பான் எழுத்துருவைப் பார்ப்பதே இல்லை. அதற்குக் கிடைப்பது எண்கள் மட்டும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் ‘கோ’. கண்ணுக்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. பாமினி பார்க்கிற வரிசையிலேயே மூன்றாகச் சேமிக்கும். யுனிகோட் சொல்கிற வரிசையைப் பிடிக்கிறது: க, அதன்பின் ஓகாரக் குறி, இரண்டே இரண்டு. திருகோணமலை என்ற பெயரிலேயே இந்தச் சிக்கல் இரண்டு தரம் வருகிறது, ‘கோ’விலும் ‘லை’யிலும். அதனால் பாமினியை யுனிகோட்டாக்கும் மென்பொருள் நீளமான சேர்க்கையை முதலில் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு ‘கே’ என்ற தமிழெழுத்தை முதலில் மாற்றி, மிஞ்சிய அரவைப் பின்னால் ஒட்டினால் திரையில் அச்சாக ‘கோ’ போலவே நிற்கும். உள்ளே மூன்று குறிகள். ‘கோணேஸ்வரம்’ என்று தேடினால் அகப்படாமல் போகலாம், குரலும் தடுமாறலாம். என்எஃப்சி என்ற யுனிகோட் சீராக்கத்தை ஒருமுறை ஓட்டினால் இது சரியாகிவிடும். ஔகாரத்தை அது காப்பாற்றாது. ‘ஔவை’யை ஒ, ள என்று தட்டியிருந்தால் கண் ஏமாறும், குரல் ளகரத்தை அழுத்திச் சொல்லும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும். கோப்பின் நடுவே கிடக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் முன்பே பிரித்துவிடுங்கள். இல்லையேல் அவையும் தமிழ்க் குப்பையாக மாறும். சிங்களத்தில் எஃப்எம் அபய எழுத்துருவுக்கும் இதே வியாதி.

அடுத்தது மொழிக்குறி, அதாவது பந்தி எந்த மொழி என்று குரலுக்குச் சொல்லும் குறி. மும்மொழியும் ஒரே பக்கத்தில் வரும் நம் நாட்டில் ஒவ்வொரு பந்திக்கும் அதை வலைப்பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் தனித்தனியே இட வேண்டும்: தமிழுக்கு ‘டிஏ’, சிங்களத்துக்கு ‘எஸ்ஐ’, ஆங்கிலத்துக்கு ‘இஎன்’. விட்டுவிட்டால், ஆங்கிலக் குரல் ஓடும் போன் தமிழ்ப் பந்தியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடக்கூடும்.

திகதியிலும் கவனம் வேண்டும். ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட நாளை ‘9.4.1942’ என்று எழுதினால் குரல் தசமமாக வாசிக்கலாம். ‘1942 ஏப்ரல் 9’ என்று எழுதுங்கள். ‘படத்தில் காண்பதுபோல’ என்ற வரி யாருக்கும் பயனில்லை. நங்கூரம் என்றால் எத்தனை அடி, என்ன உலோகம், நிற்கும் இடத்திலிருந்து எந்தப் பக்கம், தொடலாமா என்று சொல்லுங்கள்.

முப்பரிமாணக் கண்ணாடிக்கும் புதுச் செயலிக்கும் நிதி கிடைத்துவிடுகிறது, திறப்புவிழாப் படத்துக்கு அவை நன்றாக இருக்கும். பழைய பாமினிக் கோப்புகளை ஒருவர் உட்கார்ந்து மாற்றுவதற்குச் சம்பளம் கேட்டால் கோப்பு நகராது. எனக்கு இது வெறும் மடத்தனமாகவே படுகிறது.

கியூஆர் குறியின் பக்க அளவு ஸ்கேன் தூரத்தில் குறைந்தது பத்தில் ஒன்று இருக்க வேண்டும்: 30 செ.மீ. தூரத்துக்கு 3 செ.மீ. கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். மினுக்கமில்லாத தாளில் அச்சடித்து வெளியே ஒட்டுங்கள். எல்லாக் காட்சிப்பொருளுக்கும் ஒரே உயரத்தில், ஒரே பக்கத்தில், விளிம்பு புடைத்த தகட்டில் இருந்தால்தான் கை அதைத் தேடிப் பிடிக்கும்.