அசேலியாவுக்கு முட்டை ஓடு போடாதீர்கள்

“தம்பி, கேமரன் மலையில வாங்குனப்ப கொத்துக் கொத்தா பூத்துச்சு. இங்க வந்து ரெண்டு மாசம், மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிச்சு.”

சனிக்கிழமை ஓர் அக்கா என் செடிக்கடை வாசலில் காரிலிருந்து இறக்கிய அசேலியாப் பூச்சாடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மண்மேல் வெள்ளை வெள்ளையாக முட்டை ஓடு. இந்த மாதம் இது நான்காவது.

முட்டை ஓடு சுண்ணாம்பு, ஐயா. அடுப்புச் சாம்பலுக்கும் அந்தக் குணம்தான். வேலிச் சுவரின் சிமெண்டிலிருந்து மழையில் கரைந்து இறங்குவதும் அதேதான். அசேலியாவோ புளிப்பு (அமில) மண் செடி, மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.5 முதல் 6 வரை வேண்டும். சுண்ணாம்பு ஏறினால் புளிப்பு குறைந்து, மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இலை மஞ்சளானதும் பயந்துபோய் இன்னும் ஒரு கைப்பிடி ஓடு போடுகிறீர்கள்! தக்காளிக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? “எல்லாச் செடிக்கும் நல்லது” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் வந்து இதைக் காப்பாற்றட்டும்.

சாடியைத் தட்டிக் கவிழ்த்தேன். சுற்றிலும் வீட்டில் அள்ளிப்போட்ட களிமண், சேறாக. நடுவே நர்சரியிலிருந்து வந்த வேர்க்கட்டி தேங்காய் மட்டை மாதிரி காய்ந்து கிடந்தது. தினமும் தண்ணீர் ஊற்றியும் தாகம். நடுமுன் அந்தக் கட்டியை வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை அமுக்கி வைத்து, ஓரத்து வேரை விரலால் பிரித்துவிடுங்கள். மயிரிழை வேர், ஆழம் போகாது. கட்டியின் மேல்மட்டம் மண்ணுக்குச் சற்று மேலேயே நிற்கட்டும், புதைக்காதீர்கள்.

காலை வெயில் போதும், பத்து மணிக்கு மேல் நிழல். கார் போர்ச் டைல்ஸின் வெக்கையில் வைக்கவே வைக்காதீர்கள். சுவரை விட்டு மூன்றடி தள்ளி வையுங்கள்.

இதை விற்பவனே சொல்கிறேன்: கேமரன் மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், இரவில் குளிரும். கோலாலம்பூரில் விடியற்காலையிலேயே 23, 24 டிகிரி. எவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் அங்கே பூத்தமாதிரி இங்கே பூக்காது. வாசல் நிறையப் பூ வேண்டுமா, இட்லிப்பூ வையுங்கள். வெயிலைத் தாங்கும். அதற்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும், அதனால் முட்டை ஓட்டை அங்கேயும் கொண்டுபோகாதீர்கள்.

நாய், பூனை வளர்க்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அசேலியாவின் இலை, பூ எல்லாமே விஷம், ஆட்டுக்கும் ஆகாது. எட்டாத இடத்தில் வையுங்கள். கடித்துவிட்டால் எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காமல், நேரே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.