இன்னொரு முறை எடுக்க முடியாத மாதிரி

ரத்த மாதிரி உறைந்துபோனால் நோயாளியிடம் நிலைமையைச் சொல்லி மறுபடி எடுத்துக்கொள்ளலாம். திசுவை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஹிஸ்டாலஜி லேபுக்கு வரும் திசுவுக்கு அந்த வழி பெரும்பாலும் கிடையாது. வெட்டி எடுத்த மச்சம் முழுவதும் அந்தச் சின்ன டப்பாவுக்குள் வந்துவிட்டது. உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை. நுரையீரலில் ஊசி செலுத்தி எடுத்த நூலளவு துண்டு வீணாகிவிட்டால், காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் ஆபத்தோடு அந்த நோயாளி இன்னொரு முறை படுக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற எல்லாமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு படியில் திசு இழந்ததை அடுத்த படி திருப்பித் தராது. ஆகவே சந்தேகம் வந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ‘போகட்டும், பேத்தாலஜிஸ்ட் பார்த்துக்கொள்வார்’ என்று தள்ளிவிட்டால், நோயைக் கண்டறிந்து சொல்லும் அந்த மருத்துவர் பார்ப்பதற்கு அந்த ஸ்லைடில் ஒன்றும் இருக்காது.

பெரும்பாலான கெடுதல் திசு லேபுக்கு வந்து சேர்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து செல்களின் சொந்த நொதிகளே அவற்றைக் கரைக்கத் தொடங்கும். குடலின் உட்படலம், கணையம், பித்தப்பை ஆகியவற்றில் இது வெகு சீக்கிரம் நடக்கும். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் ஃபார்மால்டிஹைடு கரைசலான ஃபார்மலினின் வேலை. ஜெர்மன் மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம் 1893-ல் இதன் திசுவைக் கெட்டிப்படுத்தும் குணத்தைப் பற்றி எழுதியதிலிருந்து இன்றுவரை உலகம் முழுவதும் இதைத்தான் நம்பியிருக்கிறோம். ஆனால் ஃபார்மலினில் போட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைப்பது தவறு. அது திசுவுக்குள் மிக மெதுவாகத்தான் இறங்கும். மணிக்கு சுமார் 1 மில்லிமீட்டர் என்பது தோராயக் கணக்கு. உள்ளே போகப்போக அந்த வேகமும் குறையும். முழுக் கர்ப்பப்பையையோ பெரிய மார்பகக் கட்டியையோ வெட்டாமல் அப்படியே டப்பாவில் போட்டு மூடினால், மறுநாள் வெளிப்புறம் கெட்டியாக இருக்கும், நடுப்பகுதி அழுகியிருக்கும். நோய் இருப்பது பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான்.

அதனால் பெரிய உறுப்புகள் சீக்கிரம் லேபுக்கு வர வேண்டும், வந்தவுடன் கீறித் திறக்கப்பட வேண்டும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று அறுவை செய்த மருத்துவர் தையல் நூலால் குறித்து அனுப்பினால், ஓரங்களுக்கு மை பூசிவிட்டு நாங்கள் தைரியமாகத் திறப்போம். குறி இல்லாமல் வந்தால் போன் செய்து கேட்கும்வரை கத்தி வைக்க முடியாது. அந்த நேரமும் திசுவின் கணக்கில்தான் போகிறது.

ஃபார்மலினின் அளவு திசுவைப் போல் 10 முதல் 20 மடங்கு இருக்க வேண்டும். டப்பா நிறையத் திசுவைத் திணித்து மேலே கொஞ்சம் ஊற்றி அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நோயாளியை நினைத்து மனது பதறுகிறது. குறுகிய வாய் கொண்ட பாட்டிலும் வேண்டாம். உள்ளே போகும்போது திசு மெத்தென்று வளைந்து போய்விடும்; கெட்டியான பிறகு வெளியே வராது, இழுத்தால் கிழியும். அப்புறம், 10 சதவீத ஃபார்மலின் என்றால் கடையில் வரும் 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசலில் ஒரு பங்கும் தண்ணீர் ஒன்பது பங்கும். அதாவது உண்மையில் இருப்பது சுமார் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. வெறும் தண்ணீரில் கலந்தால் போதாது, பாஸ்பேட் உப்புகள் சேர்த்து அமிலத்தன்மையைச் சமன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் அதில் ஃபார்மிக் அமிலம் உருவாகி, ரத்தம் அதிகமுள்ள திசுக்களில் பழுப்புக் கறுப்பு நிறமிகள் படியும். மலேரியா நிறமியோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்கு அவை ஒத்திருக்கும்.

மார்பகப் புற்றுநோயில் இந்த நேரக் கணக்கு நேரடியாக சிகிச்சையைத் தொடுகிறது. கட்டி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்2 புரதத்தையும் சோதிப்பதற்கான திசு, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்கியிருக்க வேண்டும், அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க வழிகாட்டுதல். ஏற்பி உள்ள கட்டியை இல்லை என்று காட்டிவிட்டால், பலன் தரக்கூடிய மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போகும். திசு எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. வார இறுதிக்கு முந்தைய மாலையில் எடுக்கும் மாதிரிகளில் இதைத் தவறவிடாதீர்கள். அவைதான் விடுமுறை முழுவதும் ஃபார்மலினில் கிடக்கின்றன.

எல்லாத் திசுவும் ஃபார்மலினுக்கு உரியதும் அல்ல. காசநோய் சந்தேகத்தில் எடுத்த நிணநீர்க் கணுவை முழுவதுமாக ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் வாய்ப்பு போய்விடும். சிறுநீரக பயாப்ஸியிலும் கொப்புள நோய்களுக்கான தோல் பயாப்ஸியிலும் ஒளிரும் சாயத்தால் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் இம்யூனோஃபுளோரசென்ஸ் சோதனைக்கு ஒரு துண்டு தனியாக, ஃபார்மலின் படாமல் வர வேண்டும். எடுத்த பிறகு கேட்டால் பயனில்லை. எடுக்கப் போகும் முன் ஒரு போன் செய்யுங்கள். எந்த லேபும் அதைத் தொந்தரவாக நினைக்காது.

அடுத்தது பெயர் எழுதுவது. திசு கெட்டுப்போனால் ஸ்லைடைப் பார்த்தாலே தெரியும். பெயர் மாறிப்போனால் தெரியாது, ரிப்போர்ட் அழகாகவே வரும், வேறு ஒருவருடைய ரிப்போர்ட்டாக. இரண்டு பேருக்கு அதனால் கெடுதல். ஒருவர் தேவையில்லாத அறுவைக்குப் போவார், இன்னொருவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

லேபிள் டப்பாவின் உடலில் ஒட்டப்பட வேண்டும், மூடியில் கூடாது. திசுவைப் பார்த்துத் துண்டுகளாக வெட்டும் குரோசிங் மேசையில் நான்கு டப்பாக்களைத் திறந்தால் மூடிகள் இடம் மாறிவிடும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் திறந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. படிவத்தில் இடது மார்பகம், டப்பாவில் வலது மார்பகம் என்று இருந்தால் நாமாக எதையும் திருத்தக் கூடாது. எது சரியாக இருக்கும் என்று ஊகிக்க முடிந்தாலும் கூடாது. அனுப்பியவரை அழைத்து, அவர் எழுத்தில் திருத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும். இதற்காக லேபைக் கோபித்துக்கொள்ளும் மருத்துவர்கள் உண்டு. அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளும்படிதான் இளைய டெக்னீஷியன்களிடம் சொல்வேன். மூத்தவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கவும் வேண்டும்.

மெழுகில் பதித்த திசுவை (பிளாக்) மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோம் கருவியின் மேசையிலும் இதே ஆபத்து இருக்கிறது. நேரம் மிச்சமாகும் என்று இருபது ஸ்லைடுகளில் முன்கூட்டியே எண் எழுதி வரிசையாக வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இதை விட்டுவிட வேண்டும். ஒரு பிளாக்கை எடுங்கள், எண்ணைப் படியுங்கள், ஸ்லைடில் பென்சிலால் எழுதுங்கள், வெட்டிய சீவல்களின் தொடரை (ரிப்பன்) அதில் ஏந்துங்கள், பிறகு அடுத்த பிளாக். பேனா மை ஆல்கஹாலிலும் சைலீன் என்ற கரைப்பானிலும் கரைந்துவிடும் என்பதால்தான் பென்சில். இன்னொரு நல்ல வழக்கம், ஒரே வகைத் திசுக்களை அடுத்தடுத்து வைக்காமல் இருப்பது. புரோஸ்டேட்டை அடுத்து இன்னொரு புரோஸ்டேட் வந்தால் எண் மாறியது யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு பெருங்குடல் பயாப்ஸி இருந்தால் மைக்ராஸ்கோப்பில் உடனே பிடிபடும்.

ரிப்பனை மிதக்கவிடும் வெந்நீர்த் தொட்டியில் முந்தைய நோயாளியின் துணுக்கு மிதந்து அடுத்தவரின் ஸ்லைடில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. புற்று செல்கள் கொண்ட ஒரு துணுக்கு போதும், நல்ல பயாப்ஸியைக் கேள்விக்குள்ளாக்க. ஒவ்வொரு பிளாக் முடிந்ததும் நீரின் மேற்பரப்பை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். குரோசிங் பலகை, கத்தி, ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் ஒவ்வொரு கேஸுக்கும் நடுவில் துடையுங்கள்.

திசுத் துண்டுகளுக்குள் மெழுகை ஏற்ற இரவில் ஓடும் டிஷ்யூ பிராசஸர் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆல்கஹால் தண்ணீரை வெளியேற்றும், சைலீன் ஆல்கஹாலை வெளியேற்றும், மெழுகு சைலீனின் இடத்தைப் பிடிக்கும். துண்டு 3 முதல் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தாலோ, கேசட் என்ற சிறு துளைப் பெட்டிக்குள் இறுக்கி அடைத்திருந்தாலோ, முதல் மாற்றமே நடக்காது. மறுநாள் பிளாக்கின் நடுவில் திசு பள்ளமாக அமுங்கி, பிளேடு படும்போது நொறுங்கும். இதைப் பிராசஸரின் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருப்போம்; தவறு குரோசிங் மேசையில் நடந்திருக்கும். சின்ன பயாப்ஸிகளைப் பெரிய துண்டுகளுக்கான நீண்ட நேர ஓட்டத்தில் சேர்த்தால் அவை வறண்டு உடையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருவியைப் பழுது பார்த்த பிறகோ, எல்லாத் திரவங்களையும் ஒன்றாக மாற்றிய பிறகோ, முதல் இரவில் நோயாளிகளின் திசுவைப் போடாதீர்கள். தேவையில்லாமல் மீந்த திசுவை வைத்து ஒரு ஓட்டம் பாருங்கள். ஒரு நாள் தாமதம் சொல்லிச் சமாளிக்கக்கூடியது. ஒரே இரவில் அன்றைய திசுக்கள் மொத்தமும் கெட்டுவிட்டால் எதைச் சொல்லியும் சமாளிக்க முடியாது.

சின்ன பயாப்ஸியை வெட்டுவதில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். பிளாக்கின் முகத்தைச் சமன் செய்யும்போது வேகமாகச் சுழற்றினால் பாதித் திசு குப்பைக்குப் போய்விடும். செக்‌ஷன் என்கிற ஒவ்வொரு மெல்லிய சீவலும் 3 அல்லது 4 மைக்ரான்தான். ஆனால் பிளாக்கைக் கழற்றிவிட்டு மறுநாள் மறுபடி மாட்டும்போது கோணம் சற்றே மாறியிருக்கும், அதைச் சரிசெய்வதிலேயே பல செக்‌ஷன்களுக்கான திசு வீணாகும். நுரையீரல் ஊசி பயாப்ஸியில் முதலில் சாதாரண ஹெச் அண்ட் ஈ சாயம், பிறகு குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் இம்யூனோ சாயங்கள், பிறகு மரபணுச் சோதனை என்று தேவை நீண்டுகொண்டே போகும். முதல் முறை வெட்டும்போதே சாயமேற்றாத சில ஸ்லைடுகளைச் சேர்த்து எடுத்து வைத்துவிட்டால், அந்த நூலளவு திசுவிலிருந்து எல்லாப் பதிலும் கிடைக்கும். படிவத்தில் ‘புற்றுநோய் சந்தேகம்’ என்று இரண்டு சொல் எழுதியிருந்தால்தான் டெக்னீஷியனுக்கு அப்படி எடுக்கத் தோன்றும். ஒன்றுமே எழுதாத படிவங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன என்பது வருத்தமான விஷயம்.

எலும்பு மாதிரியின் ரிப்போர்ட்டுக்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. முதலில் ஃபார்மலினில் நன்றாகப் பதப்பட வேண்டும், பிறகுதான் கால்சியத்தை நீக்க வேண்டும். கடும் அமிலத்தில் போட்டு அவசரப்பட்டால் செல்லின் கரு சாயத்தை ஏற்காது, மரபணுப் பொருளும் சிதையும். கால்சியத்தை மெல்ல ஈர்த்தெடுக்கும் ஈ.டி.டி.ஏ கரைசல் மென்மையானது, ஆனால் நாட்களும் வாரங்களும் எடுக்கும். ஃபார்மலினிலிருந்து எடுத்த எலும்பைக் கழுவாமல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பிஸ்குளோரோமெத்தில் ஈதர் உருவாகலாம்.

அது வேலை செய்பவரின் உடம்பைப் பற்றிய பேச்சுக்குக் கொண்டுவருகிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் முடிவு செய்து, முதல் பிரிவில் வைத்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி காற்றில் ஃபார்மால்டிஹைடின் எட்டு மணி நேரச் சராசரி 0.75 பிபிஎம்-ஐத் (பத்து லட்சத்தில் 0.75 பங்கு) தாண்டக் கூடாது, எந்தப் பதினைந்து நிமிடத்திலும் 2 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது. ‘எனக்கு வாசனையே தெரிவதில்லை, பழகிவிட்டது’ என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. மூக்குதான் பழகுகிறது, நுரையீரல் பழகுவதில்லை. சர்ஜிக்கல் மாஸ்க் ஆவியைத் தடுக்காது. தலைக்கு மேலே உள்ள எக்ஸாஸ்ட் மின்விசிறி ஆவியை முகத்தின் வழியாகத்தான் இழுத்துச் செல்லும். மேசையின் பின்புறமோ கீழ்ப்புறமோ உறிஞ்சும் அமைப்புதான் வேண்டும். லேடெக்ஸ் கையுறை சைலீனைத் தடுக்காது, நைட்ரைல்கூடக் கொஞ்ச நேரம்தான் தாங்கும். சைலீன் பட்டால் உடனே மாற்றுங்கள். மைக்ரோடோமில் பிளாக்கை மாற்றுவதற்கு முன் சக்கரத்தைப் பூட்டி, பிளேடை மூடுங்கள். நான் பார்த்த விரல் காயங்களில் பெரும்பாலானவை வெட்டும்போது ஏற்பட்டவை இல்லை, பிளாக் மாற்றும்போதும் துடைக்கும்போதும் ஏற்பட்டவை. ஃபிரோசன் செக்‌ஷனுக்கு (அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்து வெட்டிப் பார்ப்பது) வரும் திசு பதப்படாதது. அதில் காசநோய்க் கிருமி உயிரோடு இருக்கலாம் என்பதை உறைந்த திசுவை வெட்டும் கிரையோஸ்டாட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருங்கள்.

ரிப்போர்ட் போன பிறகும் பிளாக்கின் வேலை முடிவதில்லை. அமெரிக்க நோயியலாளர் கல்லூரியின் விதிப்படி பிளாக்குகளும் ஸ்லைடுகளும் குறைந்தது பத்து ஆண்டுகள் இருக்க வேண்டும். வெட்டிய முகத்தில் மெழுகு பூசி, வெயில் படாத, பூச்சியும் எலியும் அண்டாத இடத்தில் வையுங்கள். நோய் திரும்ப வரும்போது அந்தப் பழைய பிளாக்கைத்தான் கேட்பார்கள், நாம் வெட்டும்போது கண்டுபிடிக்கப்படாத சோதனைக்காகவும் கேட்பார்கள். வெளியே கொடுக்கும்போது யார், எப்போது, எதற்காக வாங்கினார் என்று கையெழுத்து வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் அதில் திசு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அதையும் அந்தப் பதிவேட்டிலேயே எழுதி வையுங்கள்.