விறைத்தால் மருந்தாகிவிடுமா?

"டொக்டர், இதுவும் நீங்கள் ஊசியில் போடுகிற சாமான்தானே?"

மட்டக்களப்புக் கல்லடியில் பல் பிடுங்கிக்கொண்டிருக்கும் என்னிடம் இந்த வருடம் இதைக் கேட்ட மூன்றாவது ஆள், சென்ற வாரம் வந்த தம்பி. பல்லுக்கொதி என்று வந்தார். பல்லில் ஒன்றுமில்லை. பல்முரசு வெளுத்துப் புண்ணாகியிருந்தது, தாடை இறுகியிருந்தது, நாடி 128. தாயை வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் விஷயம் வந்தது: இணையத்தில் வாங்கிய வெள்ளைத் தூள், பெயர் டைமெத்தோகெயின். முரசில் தேய்த்ததும் விறைத்ததாம். ஆகவே அசல் மருந்தாம்.

விறைப்பு எதற்கு அத்தாட்சி? கொக்கெயின் விறைக்கும். நான் ஊசியில் போடும் லிக்னோகெயின் விறைக்கும். வாய்ப்புண்ணுக்குப் பூசும் பென்சோகெயின் களிம்பு விறைக்கும். உங்கள் அம்மம்மா பஞ்சில் நனைத்து வைத்த கராம்பு எண்ணெயும் விறைக்கும்! முரசுக்குத் தெரிவது அவ்வளவுதான். மூளையில் என்ன நடக்கும் என்று அது சொல்லாது. டைமெத்தோகெயின் அங்கே டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள இரசாயனத்தை நரம்புகள் மீள உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. கொக்கெயினின் வேலையும் அதுவே. நான் போடும் லிக்னோகெயினுக்கு அந்த வேலை இல்லை. பெயரின் வால் ஒன்றாக இருந்தால் குணமும் ஒன்றா? பொட்டலத்தில் இருப்பது அந்தப் பெயருக்குரிய பொருள்தானா என்பதே ஆய்வுகூடத்துக்குத்தான் தெரியும்.

"முன்பு பல் வைத்தியர்களே பாவித்தார்களாமே?" பாவித்தார்கள். 1930களில் ரோஷ் கம்பனி அதை 'லாரோகெயின்' என்று விற்றது. பல், கண், தொண்டைச் சிகிச்சைகளுக்குப் பயன்பட்டது. போதை தருகிறது என்று 1940களில் கைவிட்டார்கள். கைவிட்ட காரணத்தைத்தான் இப்போது காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

எனக்கு இதில் தனிப் பயமும் உண்டு. எங்கள் விறைப்பூசியில் பெரும்பாலும் இதயத்தை வேகமாக ஓடவைக்கும் அட்ரினலின் கலந்திருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அதையும் கொடுத்தால்? பிரஷர், சீனி பற்றிக் கேட்கும்போது தலையாட்டிவிட்டு, தூள் எடுத்ததை மறைக்காதீர்கள். அந்தத் தம்பிக்கு ஊசி போடவில்லை. இதயத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

எடுத்தவருக்கு நெஞ்சு நோ, வலிப்பு, கடுங்காய்ச்சல், மனக்குழப்பம் வந்தால் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், எதை எடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். பொட்டலம் மிஞ்சியிருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, என்னிடம் வரும்போது உண்மையைச் சொல்லுங்கள், ஏச மாட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தால் கண்ணைக் காட்டுங்கள். அவரை வெளியே அனுப்புவது என் பாடு.