பூனைக்கு உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டி வேண்டாம்

மறுபடியும் ஒரு பூனை. கருத்தடை அறுவை முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போன பெட்டை. மறுநாள் இரவு மூச்சிரைக்க இரைக்கத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சேற்றுப் பழுப்பில் இருந்தது. முகம் வீங்கிக் கண்கள் இடுங்கிப் போயிருந்தன. முன்பாதங்கள் பொதபொதவென்று இருந்தன. பரிசோதனைக்கு எடுத்த ரத்தம் சிரிஞ்சில் சாக்லேட் நிறத்தில் ஏறியது. என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "உடம்பு சூடா இருந்துச்சு டாக்டர், பாக்கப் பாவமா இருந்துச்சு, அரை பாராசிட்டமால் கொடுத்தேன்" என்றார் அந்த அம்மா.

அந்தப் பூனையைக் காப்பாற்ற முடியவில்லை. அறுவையில் கோளாறு இல்லை, தையலிலும் கோளாறு இல்லை. அக்கறையோடு கொடுத்த அரை மாத்திரைதான் அதன் உயிரை எடுத்தது. இப்படி வருவது இது முதல் முறை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

"பச்சைக் குழந்தைக்கே கொடுக்கிற மருந்து, பூனைக்கு என்ன ஆகிவிடப் போகிறது?" நான் அதிகம் கேட்கும் வாதம் இதுதான். குழந்தைக்கு ஒத்துக்கொள்வது எல்லா உயிருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பாராசிட்டமாலைப் பக்குவமாக மாற்றி வெளியேற்ற நம் கல்லீரலில் ஒரு நொதி வேலை செய்கிறது. பூனையிடம் அந்த நொதி ஏறக்குறைய இல்லை. அதனால் மருந்து வேறு வழியில் சிதைந்து நஞ்சாகி, ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும், பூனையும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஆக்சிஜனைச் சுமந்து செல்ல ரத்தத்துக்குத் தெம்பு இருக்காது. ஈறு பழுப்பாவது அதனால்தான்.

"எடைக்குத் தகுந்த மாதிரி குறைத்துத்தானே கொடுத்தேன்" என்று அடுத்து வரும். எடைக்கு இவ்வளவு கொடுத்தால் பாதுகாப்பு என்ற கணக்கே இதில் கிடையாது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே பாதிக்கப்பட்ட பூனைகள் உண்டு. 4 கிலோ பூனைக்கு அது 40 மில்லிகிராம். 500 மில்லிகிராம் மாத்திரையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கால் மாத்திரையும் ஆபத்து, சிரப்பில் சில சொட்டும் வேண்டாம். "முன்பு ஒரு தடவை கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்றால், அன்று தப்பித்தது, அவ்வளவுதான். நாய்க்குக் கொடுத்துப் பழகியவர்களும் அதே கையோடு பூனைக்குக் கொடுக்கிறார்கள். நாய் வேறு, பூனை வேறு. சளிக்கும் தலைவலிக்கும் விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும்.

தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? உடனே கிளம்புங்கள். இந்த நஞ்சை முறிக்க அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஈறு நிறம் மாறட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். கொடுத்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்து "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சொல்லும்போது, காரணம் தேடுவதிலேயே எங்கள் நேரம் போய்விடுகிறது.

இத்தனைக்கும் அந்தப் பூனைக்குக் காய்ச்சல் இருந்ததா என்பதே சந்தேகம். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது ஏறத்தாழ 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். காதைத் தொட்டும் மூக்கைத் தொட்டும் காய்ச்சல் கண்டுபிடிக்க முடியாது. பூனைக்கு வலி இருக்கிறதா என்று தெரிய அது உட்காரும் விதத்தைப் பாருங்கள். முதுகைக் கூனி, தலையைத் தொங்கவிட்டு, கண்ணைப் பாதி மூடி, காதுகளைப் பக்கவாட்டில் சரித்து ஒரு மூலையில் இருந்தால் வலிக்கிறது என்று பொருள். எங்களைக் கூப்பிடுங்கள். பூனைக்கு ஏற்ற வலி மருந்துகள் இருக்கின்றன. நாங்கள் கொடுத்தனுப்பிய மருந்தையும் "இன்னொரு வேளை கொடுத்தால் சீக்கிரம் ஆறும்" என்று கூட்டிவிடாதீர்கள்.

சரி, மருத்துவமனைக்கு வரும்போதே தொடங்கும் பிரச்சினைகளுக்கு வருகிறேன். பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு வராதீர்கள். எவ்வளவு சாதுவான பூனையும் வாசலில் ஒரு நாய் குரைத்தால் உங்கள் முகத்தைக் கீறிவிட்டு ஓடும். அப்படி ஓடியது கிடைக்காமலே போவதும் உண்டு. பூனையை உள்ளே வைத்துத் தூக்கி வரும் கேரியர் பெட்டி வேண்டும், மேல் மூடியைக் கழற்றக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. பாதிப் பரிசோதனையை அதற்குள் இருக்கும்போதே முடித்துவிடுவோம். புறப்படும் அன்று மட்டும் பரணிலிருந்து இறக்கினால் பூனை அதைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்விடும். எப்போதும் வீட்டில் திறந்தே வைத்திருங்கள், பழைய துணி விரித்து உள்ளேயே தீனி வையுங்கள். வழியிலும் காத்திருக்கும் இடத்திலும் மேலே ஒரு துண்டைப் போர்த்தி, தரையில் வைக்காமல் மடியிலோ நாற்காலியிலோ வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பவே பயப்படும் பூனை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வீட்டிலேயே கொடுத்துக் கூட்டி வரப் பயத்தைத் தணிக்கும் மருந்து எழுதித் தருவோம்.

அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி என்பதைக் கேட்டே செய்யுங்கள். சின்னக் குட்டியை இரவெல்லாம் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

மயக்க மருந்து கொடுத்த அன்று வீட்டுக்கு வந்ததும், மற்ற விலங்குகளும் பிள்ளைகளும் வராத சின்ன அறையில் தரையிலேயே படுக்கை போடுங்கள். கண்மணி விரிந்திருக்கும், தள்ளாடும், நீங்கள் யாரோ என்பது போல் பார்க்கும். அன்று அது இயல்புதான். ஆனால் அந்த நிலையிலும் அலமாரிமேல் ஏறப் பார்க்கும், விழுந்தால் தையல் பிரியும். உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால் கதகதப்பாக இருக்கட்டும், சுடுநீர்ப் பையை நேராக உடம்பில் வைக்காதீர்கள். நன்றாகத் தெளிந்து நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு தண்ணீரும் கொஞ்சமாகச் சாப்பாடும். வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும்.

மறுநாளும் சாப்பிடவில்லை என்றால் எங்களுக்குத் தெரிய வேண்டும். "பசித்தால் தானே சாப்பிடும்" என்ற பேச்சு பூனை விஷயத்தில் செல்லாது. சில நாள் பட்டினி கிடந்தாலே, அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்பின் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து தேங்கி மஞ்சள் காமாலை வரைக்கும் போகும். அங்கிருந்து மீட்பது பெரும்பாடு, பல வாரம் குழாய் வழியாக ஊட்ட வேண்டி வரும். 24 மணி நேரம் வாய் வைக்கவில்லையா, போன் செய்யுங்கள்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, அதாவது கோன், பற்றியும் ஒரு வார்த்தை. "பாவம், கழற்றிவிட்டோம்" என்கிறார்கள். "நக்கினால் சீக்கிரம் ஆறும்" என்கிறார்கள். பூனையின் நாக்கு அரம் போல் சொரசொரப்பானது, தையலைப் பிரிக்க அதற்குச் சில நிமிடம் போதும். வாய்க் கிருமியும் புண்ணுக்குள் போகும். 10 முதல் 14 நாள் கோன் இருக்கட்டும், முகம் சுளித்தாலும் பழகிவிடும். தினமும் இரண்டு முறை தையலைப் பாருங்கள். லேசான சிவப்பு பரவாயில்லை. ஒழுகினாலோ, நாற்றம் வந்தாலோ, வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ கொண்டு வாருங்கள். குளிப்பாட்ட வேண்டாம். வீட்டுக் கிருமிநாசினியைப் புண்ணில் தடவ வேண்டாம். பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சு, தடவிய எல்லாவற்றையும் அது நக்கிவிடும். புண்ணில் மணல் ஒட்டாமலிருக்க, பூனை மலஜலம் கழிக்கும் தட்டில் சில நாளைக்குக் கிழித்த காகிதம் போடுங்கள். அப்புறம், கருத்தடை செய்த ஆண் பூனைக்குச் சில வாரம் வரை சினைப்படுத்தும் திறன் இருக்கும். பெட்டையிடம் விட்டுவிட்டு அறுவை பலிக்கவில்லை என்று வராதீர்கள்.

எழுதிக் கொடுத்த மாத்திரையிலும் ஒரு விஷயம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற மாத்திரைகளை வெறுமனே விழுங்க வைத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஆறும்போது குழாய் சுருங்கி, பிறகு தின்றதெல்லாம் திரும்பி வரும். மாத்திரை கொடுத்த கையோடு ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாக மெதுவாக விடுங்கள், அல்லது கொஞ்சம் சாப்பாடு கொடுங்கள். தெள்ளுப்பூச்சிக்காக நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்தைப் பூனைக்கு விடவே விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை செத்தும் போகலாம்.

வீட்டில் இரண்டு பூனை இருந்தால், திரும்பி வந்ததைப் பார்த்து மற்றது சீறும். சேர்ந்து தூங்கியவையே அடித்துக்கொள்ளும். பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை. பூனை அடையாளம் காண்பது வாசனையை வைத்து, வந்தது மருத்துவமனை வாசனையோடு வந்திருக்கிறது. ஒரு நாள் தனி அறையில் வைத்து, ஒன்றன் படுக்கைத் துணியை மற்றதற்கு மாற்றிப் போட்டுப் பிறகு சேருங்கள்.

தடுப்பூசிக்குப் பின் ஓரிரு நாள் சோர்வு சாதாரணம். சில மணி நேரத்துக்குள் முகம் வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கினால் உடனே திரும்பி வாருங்கள். ஊசி போட்ட இடத்தில் வந்த கட்டி மூன்று மாதம் தாண்டியும் கரையவில்லை, 2 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது, ஒரு மாதத்துக்குப் பிறகும் பெரிதாகிறது, இதில் எது நடந்தாலும் காட்டுங்கள்.

ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். சிறுநீர் அடைத்திருக்கலாம். அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் அப்படித்தான், நாய்க்கு அது சாதாரணம், பூனைக்கு அது அவசரம். இந்த இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.