ஆன்சைட் போகிறீர்களா? விமானம் ஏறுமுன் பிஎஃப் அலுவலகத்தில் வாங்க வேண்டிய சான்றிதழ்

சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் ஒருவரை நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஜப்பான் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விசா, வீடு, குழந்தைக்குப் பள்ளி என்று தொடங்கி நம்மூர் மிக்ஸி அங்கே ஓடுமா என்பது வரை எல்லாவற்றையும் விசாரித்துவிடுவார். அங்கே போனதும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கப்போகும் ஓய்வூதியப் பங்களிப்பைப் பற்றி மட்டும் பெரும்பாலும் கேட்க மாட்டார். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் அந்தப் பிடித்தம் கண்ணில் படும்.

சிக்கல் இதுதான். வேலை நடக்கும் நாட்டின் சட்டப்படி அங்கே ஓய்வூதியப் பணம் கட்ட வேண்டும். ஊழியர் இந்திய நிறுவனத்தின் பட்டியலிலேயே இருப்பதால் இங்கே பிஎஃப் பிடித்தமும் நடக்கும். ஒரே உழைப்புக்கு இரண்டு நாட்டிலும் கட்டுகிறோம். இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிவிடுவதால் அந்த நாட்டு ஓய்வூதியத்துக்கான குறைந்தபட்ச வருடக்கணக்கும் பூர்த்தியாகாது.

இதைத் தவிர்க்கத்தான் இந்தியா பல நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. முதலில் நடைமுறைக்கு வந்தது பெல்ஜியத்தோடு செய்தது, 2009 செப்டம்பரில். அப்புறம் ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, லக்சம்பர்க், நெதர்லாந்து, டென்மார்க், தென்கொரியா, ஹங்கேரி, பின்லாந்து, ஸ்வீடன், செக், நார்வே, ஆஸ்திரியா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், போர்ச்சுகல், பிரேசில் என்று பட்டியல் நீண்டது. தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர் தன் சொந்த நாட்டில் மட்டும் கட்டினால் போதும் என்பது இந்த ஒப்பந்தங்களின் முக்கியமான சலுகை. அதற்குச் சான்றாக இங்குள்ள தொழிலாளர் வருங்கால வைப்புநிதி நிறுவனம் ஒரு காகிதம் தரும். கவரேஜ் சான்றிதழ் என்று பெயர். எச்ஆர் மேசைகளில் சிஓசி என்பார்கள்.

அந்தக் காகிதத்தின் மதிப்பு என்ன என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஜப்பானில் ஊழியர் ஓய்வூதியப் பங்களிப்பு சம்பளத்தில் 18.3 சதவீதம். பாதி ஊழியருடையது, பாதி நிறுவனத்துடையது. மாதம் 4 லட்சம் யென் சம்பளம் என்றால் உங்கள் பங்கு மட்டும் சுமார் 37,500 யென். இரண்டு வருடத்துக்கு 9 லட்சம் யென்! ஜெர்மனியில் ஓய்வூதியக் காப்பீடு 18.6 சதவீதம், அதிலும் பாதி உங்களுடையது. சிஓசி இருந்தால் இந்தப் பிடித்தமே கிடையாது. நிறுவனத்துக்கும் அதே அளவு மிச்சம் என்பதால் இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். எச்ஆருக்கு நீங்கள் கூடுதல் வேலை வைப்பதாக நினைக்காதீர்கள். இது இருவர் பணமும்.

யாருக்குக் கிடைக்கும்? இந்தியாவில் பிஎஃப் உறுப்பினராக இருக்க வேண்டும். இங்குள்ள நிறுவனமே அனுப்ப வேண்டும். அங்கே இருக்கும் காலம் முழுவதும் அந்த நிறுவனத்தோடு வேலை உறவு தொடர வேண்டும், இங்கே பிஎஃப் தவறாமல் கட்டப்பட வேண்டும். வைப்புநிதியைத் தானே ஒரு டிரஸ்ட் வைத்து நடத்தும் பெரிய நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் சான்றிதழ் உண்டு. அதையும் பிஎஃப் அலுவலகம்தான் தரும்.

இங்கே வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டு நிறுவனத்தில் நேரடியாகச் சேர்பவருக்கு சிஓசி கிடையாது. அவர் அந்த நாட்டு ஊழியர், அங்கேதான் கட்ட வேண்டும். நடுவழியில் இப்படி மாறுவதும் உண்டு. முதல் வருடம் டெபுடேஷன், அப்புறம் உள்ளூர் ஒப்பந்தம் என்று நிறுவனம் மாற்றிவிடும். கையெழுத்துப் போடும் அன்றே சிஓசி செல்லாததாகிவிடும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் புதிய சம்பளத்தைப் பேச வேண்டும்.

கால வரம்பு பெரும்பாலான ஒப்பந்தங்களில் 60 மாதம். சுவிட்சர்லாந்துக்கு 72. ஜெர்மனிக்கு 48 மாதம், தேவைப்பட்டால் இன்னும் 12 மாதம் நீட்டிக்கலாம். நீட்டிப்பு தானாக வராது, பழைய சான்றிதழ் முடியும் முன்பே கேட்க வேண்டும்.

வாங்கும் முறை பெரிய சிரமமில்லை. பிஎஃப் நிறுவனத்தின் இணையதளத்தில் சர்வதேச ஊழியர்களுக்கான பகுதி இருக்கிறது. அங்கே உங்கள் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான பொதுக் கணக்கு எண்), பாஸ்போர்ட் விவரம், போகும் நாடு, அங்குள்ள நிறுவனத்தின் பெயரும் முகவரியும், பணிக்காலம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். படிவத்தை அச்செடுத்து நீங்களும் நிறுவனமும் கையெழுத்திட்டு, உங்கள் நிறுவனத்தின் கணக்கு எந்த மண்டல அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே சேர்க்க வேண்டும். வேலை பார்ப்பது சென்னையில் என்றாலும் நிறுவனத்தின் பிஎஃப் கணக்கு பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கலாம். அப்படியானால் ராயப்பேட்டை அலுவலகத்தில் போய் நிற்பதில் பயனில்லை. சம்பளச் சீட்டில் உள்ள பிஎஃப் எண்ணைப் பாருங்கள்: அதன் தொடக்க எழுத்துகள் கணக்கு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும்.

தாமதம் ஆவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின் அப்பா பெயர் விரிந்து நிற்கும், யுஏஎன்னில் ஒற்றை இனிஷியலோடு இருக்கும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம். பிறந்த தேதி பொருந்தாமல் போவதும் நடக்கும். இவற்றைத் திருத்த நிறுவனத்தின் ஒப்புதலும் நாட்களும் தேவைப்படலாம். ஆன்சைட் பேச்சு எழுந்த வாரமே யுஏஎன் கணக்குக்குள் போய் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். விசா முத்திரை விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

சான்றிதழ் வந்ததும் அங்குள்ள நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு ஒரு பிரதி போக வேண்டும். முதல் மாதச் சம்பளம் போடும் முன்பே போய்விட்டால் நல்லது. போன பிறகும் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் அதற்குள் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது அந்த நாட்டு அலுவலகத்தோடு, அந்த நாட்டு மொழியில் நடத்த வேண்டிய தனி வேலை.

சிஓசி எதையெல்லாம் காக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பான் ஒப்பந்தம் ஓய்வூதியத்துக்கு மட்டும். மருத்துவக் காப்பீட்டுப் பணம் அங்கே கட்டியே ஆக வேண்டும். ஜெர்மனியிலும் மருத்துவக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். வருமான வரிக்கும் இந்தச் சான்றிதழுக்கும் தொடர்பே இல்லை. அதற்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தமும் வரிக் குடியிருப்புச் சான்றிதழும் வேறு.

சரி, சிஓசி இல்லாமல் அங்கே கட்டிவிட்டவர்களுக்கு? சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகளைத் தவிர, பெரும்பாலான ஒப்பந்தங்களில் இரு நாட்டு வருடங்களையும் சேர்த்து எண்ணும் வசதி இருக்கிறது. ஜெர்மனியில் ஓய்வூதியம் பெற 5 வருடப் பங்களிப்பு வேண்டும். அங்கே 3 வருடம் கட்டியவருக்கு இந்திய வருடங்களையும் சேர்த்துத் தகுதி பார்ப்பார்கள். அங்கே கட்டிய 3 வருடத்துக்கான தொகை ஓய்வு வயதில் வரும். ஜப்பானில் இன்னொரு வழியும் உண்டு. குறைந்தது 6 மாதம் கட்டியிருந்தால், நாட்டை விட்டு வந்து 2 வருடத்துக்குள் மொத்தத் தொகையாகக் கேட்கலாம். அதில் 20.42 சதவீத வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். ஆனால் இந்தத் தொகையை வாங்கிவிட்டால் அந்த வருடங்கள் ஓய்வூதியக் கணக்கில் சேராது. இந்தியாவில் பத்து வருட ஓய்வூதியத் தகுதியை எட்டாதவர் யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

இங்கே நடக்கும் ஒரு தவறு மனதை உறுத்துகிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் பிஎஃப் பணத்தை முழுதாக எடுக்கலாம் என்று விதியில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வரப்போகிறவர்களும் பயணச் செலவுக்காகக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். கூடவே 10சி படிவத்தில் ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால், அதுவரையான பணிக்கால வருடங்கள் அழிந்துபோகும். வேலையை விட்டே போகிறவர்கூட அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாக, பணிக்கால வருடங்களைப் பதிவு செய்து தரும் திட்டச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். திரும்பி வந்து வேறு நிறுவனத்தில் சேரும்போது பழைய வருடங்கள் அப்படியே கூடும்.

ஒப்பந்தம் இல்லாத நாடுகளில் நிலைமை ஊருக்கு ஊர் வேறு. சிங்கப்பூரில் சிபிஎஃப் எனும் கட்டாயச் சேமிப்புத் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் என்பதால் வேலை அனுமதியில் போகிறவருக்குப் பிடித்தம் இல்லை. வளைகுடா நாடுகளின் ஓய்வூதியத் திட்டங்களும் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கே. பிரிட்டனில் ஒப்பந்தமில்லாத நாட்டிலிருந்து நிறுவனம் அனுப்பும் ஊழியருக்கு முதல் 52 வாரம் தேசியக் காப்பீடு எனும் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்புப் பிடித்தத்திலிருந்து விலக்கு என்ற விதி இருக்கிறது. வணிக ஒப்பந்தத்தோடு சேர்த்து இரட்டைப் பங்களிப்பைத் தவிர்க்கும் உடன்பாடும் செய்துகொள்ள 2025இல் இரு நாடுகளும் ஒத்துக்கொண்டன.

அமெரிக்காவில்தான் நம்மவர்களுக்கு உண்மையான இழப்பு. சமூகப் பாதுகாப்புக்கு 6.2 சதவீதம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 சதவீதம் சம்பளத்தில் போகும். ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட், அதாவது சுமார் பத்து வருட வேலை வேண்டும். எச்1பி வேலை விசாவின் வழக்கமான உச்சவரம்பு 6 வருடம், நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகிப் போகிறவர்களுக்கான எல்1பிக்கு 5. வருடம் 84,000 டாலர் வாங்குபவர் 6 வருடத்தில் தன் பங்காக மட்டும் 38,500 டாலருக்கு மேல் கட்டியிருப்பார். ஊருக்குத் திரும்பினால் அதைத் திருப்பித் தரமாட்டார்கள். ஒப்பந்தம் வேண்டும் என்று இந்தியா பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது; அது நியாயமான கோரிக்கை. அது வரும்வரை, அமெரிக்கப் பணிக்கான சம்பளத்தைப் பேசும்போது இந்த 7.65 சதவீதத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் தொகையை வைத்துப் பேசுங்கள்.