ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலம் எதனால் கனக்கிறது?

ஓர் ஆங்கில ஆய்வுக் கட்டுரையிலிருந்து கலைச்சொற்களை எல்லாம் நீக்கிவிட்டாலும் அது ஆய்வுக் கட்டுரைதான் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். இலக்கணம் காட்டிக்கொடுத்துவிடும். எந்த இலக்கணக் கூறுகள் என்பதை ஊகித்துச் சொல்லாமல் எண்ணிச் சொல்ல ஒரு வழி இருக்கிறது.

அமெரிக்க மொழியியலாளர் டக்ளஸ் பைபர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். பேச்சும் எழுத்துமாக 481 பனுவல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 67 மொழிக்கூறுகள் எத்தனை முறை வருகின்றன என்று கணினியால் எண்ணினார். பனுவல்களின் நீளம் வேறுபடும் என்பதால் ஆயிரம் சொற்களுக்கு இத்தனை என்று கணக்கிட வேண்டும். பிறகு, எவை சேர்ந்தே கூடுகின்றன, எவை சேர்ந்தே குறைகின்றன என்று புள்ளியியல் முறையில் பார்த்தார். ‘யூ’, ‘திங்க்’, ‘டோன்ட்’ போன்றவை மலிந்த இடத்தில் பெயர்ச்சொற்களும் ‘ஆஃப்’, ‘இன்’ போன்ற முன்னிடைச்சொற்களும் பெயரடைகளும் நீண்ட சொற்களும் குறைந்தன. ஆய்வெழுத்தில் இது அப்படியே தலைகீழ்.

எண்ணுவது எளிதான வேலையல்ல. ‘உயர்வு’ என்றும் ‘உயர்’ என்றும் பொருள்படும் ‘ரைஸ்’ பெயரா, வினையா? முன்னால் ‘தி’ இருந்தால் பெயர் என்று மென்பொருள் முடிவு செய்துகொள்ளும். ‘தட்’ இன்னும் சிக்கலானது. அது சுட்டாகவும் வரும், முன்னுள்ள பெயரை விளக்கும் துணைவாக்கியத்தையும் தொடங்கும், ‘என்று’ எனும் பொருளிலும் நிற்கும். இவற்றைப் பிரிக்காமல் எண்ணினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஆய்வெழுத்து என்றதும் பலரும் சொல்வது செயப்பாட்டு வினை. உண்மைதான், காலம் காட்டும் வினைகளில் ஏறக்குறைய 25 சதவீதம் அங்கே செயப்பாட்டு வினை, உரையாடலிலோ சுமார் 2 சதவீதம். ஆனாலும் ஆய்வெழுத்திலேயே முக்கால் பங்கு வினைகள் அப்படி இல்லை என்பதைக் கவனியுங்கள். என் பார்வையில் இந்தக் கூறுக்கு அளவுக்கு மீறிய பெயர் கிடைத்திருக்கிறது.

வாக்கியத்துக்குள் வாக்கியம் வைத்துப் பின்னுவதால்தான் இந்த நடை கடினமாகிறது என்பது இன்னொரு நம்பிக்கை. பைபரும் பெத்தனி கிரேயும் 2010இல் காட்டியது இதற்கு நேர்மாறு. ‘ஐ டோன்ட் நோ வொய் ஹீ செட் ஹீ வுட் கம்’ என்று சாதாரணப் பேச்சில் துணைவாக்கியங்களை அடுக்குகிறோம். ஆய்வெழுத்தின் சிக்கல் பெயர்த்தொடருக்குள் இருக்கிறது. ‘சர்ஃபேஸ் டெம்பரேச்சர் மெஷர்மென்ட் எரர்’ என்பதைப் பாருங்கள். நான்கு பெயர்கள், இடையில் உறவு காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. நம் வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்பதுபோல, ‘மேற்பரப்பின் வெப்பநிலையை அளப்பதில் நேரும் பிழை’ என்று வாசகரே விரித்துக்கொள்ள வேண்டும். துறை தெரிந்தவர் நொடியில் விரித்துவிடுவார். புதியவர் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல. விரிப்பதற்கு வேண்டிய செய்தி அந்தத் தொடரில் எழுதப்படவே இல்லை.

வினையைப் பெயராக்குவதும் இதே குடும்பம். ‘தி டெம்பரேச்சர் ரோஸ்’ என்ற நிகழ்ச்சி அடுத்த வாக்கியத்தில் ‘திஸ் ரைஸ் இன் டெம்பரேச்சர்’ என்று சுருங்கி எழுவாயாகிறது. நிறுவிய செய்தியை ஒரு பொருளாக்கி, அதன்மேல் அடுத்த வாதத்தை ஏற்றலாம். இதை ‘இலக்கண உருவகம்’ என்று விளக்கிய மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே, 1704இல் வெளியான நியூட்டனின் ஒளியியல் நூலிலேயே இந்தப் போக்கைக் கண்டார். இதற்கு ஒரு விலையும் உண்டு. வினையோடு அதன் காலமும், பல நேரங்களில் செய்தவர் யார் என்பதும் உதிர்ந்துவிடுகின்றன.

ஒரு பத்தியை நீங்களே சோதிக்கலாம். காலம் காட்டும் வினைகளை அடிக்கோடிட்டு, ‘ஆஃப்’, ‘இன்’ போன்ற முன்னிடைச்சொற்களை வட்டமிடுங்கள். கோடுகளைவிட வட்டங்கள் பல மடங்கு மிகுந்தால் அது ஆய்வுநடையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துறைக்குத் துறை அளவு மாறும். பெயர்களை நெருக்கி அடுக்கும் பழக்கம் அறிவியல் கட்டுரைகளில் 20ஆம் நூற்றாண்டில்தான் வேகமாக வளர்ந்தது. வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் அது அவ்வளவு தூரம் போகவில்லை.